கணிப்பொறி வாங்குமுன்

“நீ தில்லியில் படிக்கிறாய், உனக்குத் தெரியாததா? நல்ல கணிப்பொறியாக ஒன்று பார்த்துச் சொல்.” ஊரிலிருந்து இந்த வேண்டுகோள் வராத தமிழ் மாணவர் நம்முள் மிகச் சிலரே இருப்பர். நாம் படிப்பது வரலாறாக இருக்கலாம்; தாவரவியலாக இருக்கலாம். ஊரார் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. தலைநகரில் படிக்கும் பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறார்கள். நாமும் நம் அறியாமையை வெளிக்காட்ட விரும்பாமல் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பெயரை நம்பி அவர்கள் தம் சேமிப்பைக் கொடுத்துவிடுகிறார்கள்.

நானும் அவ்வாறு ஒருமுறை செய்தவன்தான். என் மாமா காரைக்குடியில் பத்திரம் எழுதுபவர். திண்ணையை ஒட்டிய முன்னறைதான் அவருடைய அலுவலகம். பகலில் அங்கே கிரயப் பத்திரமும் அடமானப் பத்திரமும் உருவாகும்; மாலையில் அதே மேசையில் பிள்ளைகள் பாடம் படிப்பார்கள். 2022-ஆம் ஆண்டு அவர் எனக்கு 35,000 ரூபாய் அனுப்பி, வீட்டுக்கும் அலுவலுக்கும் பொதுவாக ஒரு மேசைக் கணிப்பொறி வாங்கிவரச் சொன்னார். தில்லியில் மலிவு என்று யாரோ அவரிடம் கூறியிருந்தார்கள்.

கடைக்குப் போனேன். கடைக்காரர் “ஐ7” என்றார். ஐ3, ஐ5 ஆகியவற்றைவிட ஐ7 உயர்ந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும். பெட்டிக்குள் பல வண்ண விளக்குகள் எரிந்தன. விளையாட்டுக்கு உதவும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் உள்ளே இருந்தது. பணம் முழுவதும் அதற்கே சரியாகப் போயிற்று. தமிழ்நாடு எக்ஸ்பிரசில் இரண்டு இரவு கண்ணுறங்காமல் அந்தப் பெட்டியைக் காத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். தெருவே வந்து பார்த்தது.

பிறகு நடந்தது வேறு. காலையில் பொத்தானை அழுத்தினால் வேலைக்கு ஆயத்தமாக 5 நிமிடம் ஆகும். பத்திரத்திற்கு வந்தவர்கள் திண்ணையில் காத்திருப்பார்கள். ஒருநாள் முகூர்த்த வேளையில் பதிவு செய்யவேண்டிய பத்திரம் ஒன்று பாதி அடிக்கும்போது மின்சாரம் நின்றது. சேமிக்காத பக்கங்கள் அழிந்தன. வந்தவர்கள் முகம் சுளித்துச் சென்றார்கள். இவ்வளவுக்கும் மாமா என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. “எந்திரம் நல்ல எந்திரம்தான், மாப்பிள்ளை. எனக்குத்தான் அதை ஓட்டத் தெரியவில்லை” என்றார். கடிந்து பேசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வருத்தம் தோன்றியிராது. குறை எந்திரத்தில் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்த என்னிடம் இருந்தது. பழியை அவர் தம்மேல் போட்டுக்கொண்டார். நம்மை நம்பி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எண்ணிக்கொள்கிறார்கள்.

அதன் பின்னரே நான் இத்துறையைச் சிறிது கற்றேன். கற்றதன் சாரத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: முதலில் வேலையை அறிக, பின்னர் எந்திரத்தைத் தேடுக. கடைக்குள் நுழைந்தபின் வேலையை நினைத்துப் பார்ப்பவன் கடைக்காரர் விற்க விரும்புவதையே வாங்கிவருவான்.

வேலைப் பட்டியல்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, அந்த எந்திரத்தில் யார் யார், என்னென்ன வேலையை, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் செய்வார்கள் என்று எழுதவேண்டும். என் மாமாவின் வீட்டுக்கு எழுதினால் பட்டியல் இப்படி அமையும்: தமிழில் பத்திரம் அடித்தல், பதிவுத்துறையின் இணையதளத்தில் விவரங்களை ஏற்றுதல், பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்தல், அச்சிடுதல், மாலையில் பிள்ளைகளின் பாடம், படம் பார்த்தல். இவற்றுள் ஒன்றுக்கேனும் கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா? வேண்டியதில்லை. கட்டட வரைபடம் வரைபவர், திரைப்படம் தொகுப்பவர், பெரிய விளையாட்டுகள் ஆடுபவர், செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிகளைச் செய்து பார்க்கும் மாணவர் ஆகியோருக்கே அது தேவை.

வேலை தெரிந்தால் அதற்குரிய மென்பொருள் தெரியும். மென்பொருள் தெரிந்தால் விண்டோசா, லினக்சா என்பது தானே முடிவாகும். எடுத்துக்காட்டாக, கணக்கு எழுதுவதற்கு நம் கடைத்தெருக்களில் பரவலாக வழங்கும் டாலி விண்டோசுக்கென்றே அமைந்தது. அதைப் பயன்படுத்தும் கடைக்கு லினக்சு எந்திரம் பொருந்தாது. கடிதம், பட்டியல், இணையம் ஆகியவை மட்டும் போதும் என்பவருக்கு விலையின்றிக் கிடைக்கும் லினக்சும் லிபர் ஆபீசும் தாராளமாகப் போதும்.

மேசைக் கணிப்பொறியா, மடிக்கணினியா என்ற ஐயமும் இங்கே தீர்ந்துவிடும். விடுதிக்கும் வகுப்புக்குமாக அலையும் நமக்கு மடிக்கணினி ஏற்றது. ஓரிடத்தில் அமர்ந்து நாள்தோறும் எட்டு மணி நேரம் உழைப்பவருக்குப் பெரிய திரையும், தனித்தனியே மாற்றக்கூடிய உறுப்புகளும் உடைய மேசைக் கணிப்பொறியே நல்லது.

பிராசசர்: பெயரும் தலைமுறையும்

எந்திரத்தின் மூளை போன்றது பிராசசர். இதில்தான் நான் ஏமாந்தேன். நான் வாங்கியது ஐ7-2600. கோட்டுக்குப் பின்னால் நிற்கும் எண் முதலில் 2 என்று தொடங்குவதைக் கவனியுங்கள். அஃது இரண்டாம் தலைமுறை, 2011-இல் வெளிவந்தது. அதாவது, நான் வாங்கியபோதே அதற்கு வயது பதினொன்று. 2022-இல் வெளிவந்த ஐ3-12100 என்பதோ பன்னிரண்டாம் தலைமுறை. பெயரில் அது கடைக்குட்டி. ஆற்றலில் பழைய ஐ7-ஐ எளிதில் மிஞ்சிவிடும். மின்சாரமும் குறைவாகவே உண்ணும். ஆகவே “ஐ7” என்று மட்டும் ஒருவர் சொன்னால், அது பாதிப் பெயர் என்று அறிக. முழு எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எண்ணுக்குப் பின்வரும் எழுத்தும் முக்கியம். இன்டெல் பிராசசரில் “எஃப்” என்ற எழுத்து நின்றால், திரைக்குப் படம் அனுப்பும் பகுதி அதனுள் இல்லை என்று பொருள். ஐ5-12400 வாங்கினால் வேறு கார்டு வேண்டாம். ஐ5-12400எஃப் வாங்கினால் தனியே கார்டு வாங்கியாக வேண்டும். விலை சற்றுக் குறைவு என்று அதனை வாங்கி, பின்னர் அதைவிட அதிகமாகச் செலவு செய்தவர்கள் உண்டு. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் பிராசசர்களும் வீட்டுக்கும் அலுவலுக்கும் நன்கு உதவுவனவே. 2023 டிசம்பரிலிருந்து இன்டெல் “கோர் அல்ட்ரா” என்ற புதுப் பெயர் வரிசையையும் தொடங்கியிருக்கிறது. பெயர்கள் இன்னும் மாறும். ஆனால், “இஃது எந்த ஆண்டில் வெளிவந்தது?” என்ற கேள்வி மாறவேண்டியதில்லை.

தலைமுறையைக் கேட்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டு அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் ஆனால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புப் பகுதியும் வேண்டும். என் மாமாவின் ஐ7 அந்தப் படியில் ஏறமுடியாமல் நின்றுவிட்டது. பழைய எந்திரத்தை மலிவாக வாங்குவோர் இதை மறக்கலாகாது.

மேசையும் பீரோவும்

ரேம், எஸ்.எஸ்.டி. என்ற இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டையும் ஜி.பி. என்ற ஒரே அளவால் குறிப்பதே அதற்குக் காரணம். பத்திர எழுத்தரின் அறையை நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். அவர் எழுதும் மேசை ரேம். ஆவணங்களைப் பூட்டிவைக்கும் பீரோ எஸ்.எஸ்.டி. அல்லது ஹார்டு டிஸ்க். மேசை அகலமாக இருந்தால் பல தாள்களை ஒரே நேரத்தில் விரித்து வைத்துக்கொள்ளலாம். குறுகலாக இருந்தால் ஒன்றை எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டுத்தான் மற்றொன்றை விரிக்க முடியும். மின்சாரம் நின்றால் மேசையில் உள்ளது போய்விடும். பீரோவில் உள்ளது இருக்கும்.

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறியின் தொடக்க வகையில் இருந்த ரேம் 16 கே.பி.தான். இன்று நாம் சாதாரணமாகக் கேட்கும் 16 ஜி.பி. அதைப்போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேற்பட்டது. கடிதமும் இணையமும் மட்டும் என்றால் 8 ஜி.பி. போதும். பல பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்பவருக்கும், எந்திரம் ஆறேழு ஆண்டு உழைக்கவேண்டும் என்று எண்ணுபவருக்கும் 16 ஜி.பி. ஏற்றது. பின்னர் கூட்டிக்கொள்ளக் காலியிடம் இருக்கிறதா என்றும் கேட்கவேண்டும். டி.டி.ஆர்.4 ரேம் டி.டி.ஆர்.5 இடத்தில் பொருந்தாது என்பதும் நினைவில் இருக்கட்டும். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் ரேம் விலை வெகுவாக ஏறியது. எனவே, பழைய விலையை நம்பித் திட்டமிடாமல் வாங்கும் வாரத்தில் விசாரிப்பது நல்லது.

இனிப் பீரோவுக்கு வருவோம். சுழலும் தட்டுகளில் செய்தியைப் பதிக்கும் முறை 1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்தால் அறிமுகமாயிற்று. அந்த முதல் எந்திரத்தில் 50 தட்டுகள் இருந்தன. அவை யாவும் சேர்ந்து தாங்கியது 50 லட்சம் எழுத்துகளே. இன்றைய ஹார்டு டிஸ்க் அதன் வழித்தோன்றல். கொள்ளளவு எவ்வளவோ பெருகிவிட்டது. ஆனால் தட்டு சுழன்றுதான் ஆகவேண்டும். நிமிடத்திற்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. வேண்டிய இடம் ஊசிக்கு நேரே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்கவேண்டும். அஃது ஏறத்தாழ 4 மில்லிநொடி. ஊசி நகர்ந்து வர மேலும் 9 மில்லிநொடி அளவு ஆகும். ஆக, அங்கங்கே சிதறிக்கிடக்கும் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 75 துண்டுகளைத்தான் எடுக்கலாம். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை. நகரும் ஊசியும் இல்லை. அதே ஒரு நொடியில் அது பல்லாயிரம் துண்டுகளை எடுத்துத் தரும். கணிப்பொறி விழித்தெழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கிறது. திண்ணையில் இருந்தவர்கள் 5 நிமிடம் காத்திருந்ததன் காரணம் இப்போது விளங்கும்.

2023-இல் விடுமுறைக்குச் சென்றபோது, நான் அந்த எந்திரத்தில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சிறிய எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினேன். பிராசசர் அதேதான், ரேமும் அதேதான். ஆனால் அரை நிமிடத்திற்குள் வேலைக்கு வந்து நின்றது. பெருமைக்குரிய பெயருக்கும் விளக்கு அலங்காரத்துக்கும் கொடுத்த பணத்தில் ஒரு சிறு பகுதியை முதலிலேயே இதற்கு ஒதுக்கியிருந்தால், ஓராண்டுக் காலம் வீணாகியிராது.

அலுவலுக்கு 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும். என்.வி.எம்.ஈ. என்ற வகை கிடைத்தால் இன்னும் விரைவானது. ஸ்கேன் செய்த ஆவணங்கள் குவிந்தால், அவற்றை வைக்க மட்டும் ஒரு ஹார்டு டிஸ்க்கைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் உறுதி: ஒரே பீரோவை நம்பக்கூடாது. எஸ்.எஸ்.டி. சில வேளைகளில் முன்னறிவிப்பின்றியே செயலிழக்கும். வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் ஒரு படி எடுத்து, அதனை வேறிடத்தில் வைப்பது அலுவலக ஒழுக்கமாக வேண்டும்.

கண்ணும் கையும்

உள்ளே இருப்பதை ஆராய்பவர்கள் நாள் முழுதும் கண் பார்ப்பதையும் கை தொடுவதையும் மறந்துவிடுகிறார்கள். பணம் தீர்ந்துபோனதால் நான் வாங்கிய மானிட்டர் பழைய 18.5 அங்குலம், புள்ளிகள் 1366-க்கு 768. 24 அங்குலத் திரையில் 1920-க்கு 1080 புள்ளிகள் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் பின்னது முன்னதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. தமிழ் எழுத்துகளில் சுழியும் வளைவும் மிகுதி; புள்ளிகள் குறைந்தால் அவை மங்கும். வயதான கண்ணுக்கு இது சிறிய செய்தியன்று. ஐ.பி.எஸ். வகைத் திரையில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. எதிரே அமர்ந்திருப்பவர்க்குத் திரையைத் திருப்பிக் காட்டவேண்டிய அலுவலகத்திற்கு ஏற்றது. மானிட்டர் இரண்டு கணிப்பொறிகளின் காலம் வரை உழைக்கக்கூடியது. அதில் சிக்கனம் வேண்டாம்.

தமிழ் அடிப்பதற்கெனத் தனி விசைப்பலகை வாங்கவேண்டியதில்லை. விண்டோசிலும் லினக்சிலும் தமிழ் உள்ளேயே இருக்கிறது. ஆயினும் அடிப்பவர் எந்த முறையில் பழகியவர் என்று கேளுங்கள். 1999-இல் ஏற்கப்பட்ட தமிழ்99 முறையா, பழைய தட்டச்சு முறையா? கை பழகிய முறையைப் புது எந்திரத்துக்காக மாற்றச் சொல்வது கொடுமை. மற்றொன்று: பழைய ஆவணங்கள் யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் இருந்தால், அந்த எழுத்துருக்களையும் படியெடுத்துப் புது எந்திரத்தில் சேர்க்கவேண்டும். இல்லையேல் பத்தாண்டு உழைப்பும் திரையில் புரியாத குறிகளாக நிற்கும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது; புதியனவற்றையேனும் யூனிகோடில் எழுதுவது நல்லது.

மின்சாரம்

யு.பி.எஸ். என்பது ஆடம்பரமன்று, எந்திரத்தின் ஓர் உறுப்பு. சாதாரண அலுவலகக் கணிப்பொறியும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட்டுக்கு உட்பட்டே பெரும்பாலும் உண்ணும். 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று இருந்தால், சேமித்துவிட்டு அமைதியாக நிறுத்துவதற்குப் போதிய நிமிடங்கள் கிடைக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அது யு.பி.எஸ். நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண நிலையில் மின்சாரம் மாறும் கணத்திலேயே எந்திரம் அணைந்து எழக்கூடும். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.சில் மாட்டக்கூடாது. அதன் சூடேற்றி ஒரே இழுப்பில் மிகுந்த மின்சாரத்தை இழுக்கும். எர்த்து சரியாக இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்துவிடுவதும் கடமை.

எதை, எங்கே வாங்குவது?

நிறுவனங்கள் கட்டிவரும் எந்திரம், உறுப்புகளைத் தேர்ந்து கடையில் கட்டித்தரும் எந்திரம், திரையோடு ஒன்றான எந்திரம், கையடக்கமான மினி எந்திரம், புதுப்பிக்கப்பட்ட பழைய எந்திரம் என ஐந்து வகையும் கடையில் உண்டு. பழுது பார்க்க வீட்டுக்கே ஆள் வரவேண்டும் என்பவருக்கு முதல் வகை. உறுப்புகளை அறிந்து தேர்பவருக்கு இரண்டாம் வகை. மூன்றாவது அழகானது, ஆனால் திரை பழுதானால் எந்திரமே நின்றுவிடும். மினி வகை இடமும் மின்சாரமும் குறைவாகக் கொள்ளும்; எழுத்து வேலைக்கு மிகவும் ஏற்றது. புதுப்பிக்கப்பட்டது இழிவன்று. பெரிய அலுவலகங்கள் கழித்த எட்டாம் தலைமுறைக்குப் பிந்திய எந்திரத்தில் புது எஸ்.எஸ்.டி. பொருத்தி, எழுத்தில் உத்தரவாதமும் பெற்றால், குறைந்த பணத்தில் நிறைந்த பயன் கிடைக்கும்.

உத்தரவாதத்தை எங்கே நிறைவேற்றுவார்கள் என்பதே பெரிய கேள்வி. நான் வாங்கியபோது “ஓராண்டு உத்தரவாதம்” என்றார்கள். பழுதானால் பெட்டியை அந்தக் கடைக்கே கொண்டுவரவேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. காரைக்குடியிலிருந்து தில்லிக்கு ஒரு பெட்டியை யார் தூக்கிவருவார்? எந்திரம் எங்கே உழைக்குமோ அதற்கு அருகிலேயே வாங்குவதே முறை. சில நூறு ரூபாய் கூடினாலும் அது நட்டமன்று. உறுப்பு ஒவ்வொன்றின் முழு எண்ணும் பில்லில் இருக்கவேண்டும். விண்டோஸ் உரிமமும் முறையானதாக இருக்கவேண்டும். ஜி.எஸ்.டி. பதிவுடைய வணிகராயின், தம் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்வது பயன் தரும்.

முடிவாக

விண்டோஸ் 10-இன் காலம் முடிந்தபோது மாமா மீண்டும் என்னைக் கேட்டார். இம்முறை நான் பெயர் எதுவும் சொல்லவில்லை. வேலைப் பட்டியலை அவரையே எழுதச் சொன்னேன். அவர் எழுதியதில் நான் எண்ணாத ஒன்றும் இருந்தது: “அத்தை பேரனோடு பேசவேண்டும், முகம் தெரியவேண்டும்.” ஆகவே ஒரு கேமராவும் சேர்ந்தது. பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 24 அங்குல மானிட்டர், யு.பி.எஸ். என்று எழுதி அனுப்பினேன். ஊர்க் கடையிலேயே கட்டினார்கள். விளக்கு ஒன்றும் எரியவில்லை. தெருவும் வந்து பார்க்கவில்லை. பழைய ஐ7-இல் லினக்சை ஏற்றிப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டோம். அவர்களுக்கு அது நன்றாகவே உழைக்கிறது.

நண்பர்களே, அடுத்த முறை ஊரிலிருந்து கேட்கும்போது உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடாதீர்கள். “என்ன வேலைக்கு?” என்று முதலில் கேளுங்கள். விடை தெரியாத இடத்தில் “விசாரித்துச் சொல்கிறேன்” என்று சொல்வதில் இழிவு ஏதும் இல்லை. செலவாவது நம் பணமன்று. வாங்கியது பழுதானால் “எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை” என்று வருந்தப்போவதும் நாம் அல்லோம்.